பால்கோவா வீட்டு மருமகள்

மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிரு தங்கச்சி. உறிஞ்சி உறிஞ்சிக் குடிச்சேன்னா குமட்டும். வாந்தி எடுத்தா நாளைக்கு மறுபடியும் வரச் சொல்லிருவாங்க. ம், அப்படித்தான். அவ்வளவுதான், போயிருச்சு. இனிமே அந்த லேப் பொண்ணு கூப்பிடுற வரைக்கும் நமக்கு இந்த பெஞ்சுதான். நடக்கக் கூடாது, எதையும் திங்கக் கூடாது. நானும் இப்பத்தான் குடிச்சேன். நல்லவேளை, பேச்சுத் துணைக்கு நீ வந்தே.

ஆறு மாசமா? தலைப்பிள்ளையா? எனக்கும் இதே மாதிரி ஆறாம் மாசத்துலதான் இந்தச் சீனித் தண்ணியைக் கொடுத்தாங்க. ஆமா, சுகர்னுதான் வந்துச்சு. உனக்கு வராது, முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கே? வந்தாலும் ஒண்ணும் ஆகாது. நான் உன் முன்னாடி உக்காந்துதானே இருக்கேன்? இப்ப எதுக்கு இங்க வந்திருக்கேனா? சொல்றேன், அவசரப்படாத. நமக்குத்தான் நிறைய நேரம் இருக்கே.

நான் எந்த வீட்டு மருமகள்னு கேட்டா நீ சிரிப்பே. மாடவீதி முனையில பச்சைப் பலகை போட்டு ஒரு பால்கோவா கடை இருக்குல்ல? அங்கம்மாள் பால்கோவா. அதுதான் எங்க கடை. அங்கம்மாள் எங்க அத்தை, என் வீட்டுக்காரரோட அம்மா. மாமா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. அத்தைதான் அடுப்படியில நின்னு தொழிலை நடத்துறாங்க, இவர் கல்லாவுல இருப்பார். நான் பால்கோவா திங்கத்தான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டேன்னு எங்கம்மா சொல்லுவா. அது பொய். பாதி பொய். பொண்ணு பார்க்க வந்தப்போ அவங்க ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்து நடுவுல வச்சாங்க. மாப்பிள்ளையைப் பார்த்தியாடின்னு அம்மா பின்னால கேட்டப்போ எனக்கு முகமே ஞாபகம் வரல, பெட்டிதான் வந்துச்சு.

அவர் பேரைச் சொன்னா இன்னும் சிரிப்பே. சீனிவாசன். வீட்டுல சீனின்னு கூப்பிடுவாங்க. உண்டானதும் முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கோம், நர்ஸம்மா எழுதிக்கிட்டே கேக்குறாங்க, "வீட்டுல சீனி இருக்கா?" நான் சொல்றேன், "இருக்காரு, வண்டிய நிறுத்திட்டு வர்றாரு." அந்த நர்ஸம்மா இன்னைக்கும் என்னைப் பார்த்தா வாயைப் பொத்திக்கிட்டுத்தான் போவாங்க.

சுகர்னு ரிசல்ட் வந்ததும் டாக்டர் ஜெசிந்தா உக்கார வச்சுச் சொன்னாங்க. கர்ப்பத்துல வர்ற சுகர், பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் போயிரும், அது வரைக்கும் வாயைக் கட்டணும்னு. நான் என்ன கேட்டேன் தெரியுமா? "பால்கோவா இனிப்புல சேருமா டாக்டர்? அது பால்தானே?" அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு என்னைப் பார்த்தாங்க பாரு.

அன்னையில இருந்து எங்க அத்தை எனக்கு ஜென்மப் பகையாளி ஆயிட்டாங்க. உனக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்றேன். பால்கோவாவை இறக்குன பிறகு வாணலி அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். லேசாத் தீஞ்ச வாசனையோட, பல்லுல இழுபடும். அந்த வழிசல் கடைக்கு வராது, அது வீட்டு மனுஷங்களுக்கு. அத்தை என்ன செஞ்சாங்க? இறக்குன கையோட வாணலியில ஒரு குடம் தண்ணியை ஊத்துனாங்க. ஸ்ஸ்னு ஒரு சத்தம். உள்ளறையில படுத்திருந்தாலும் அது எனக்குக் கேக்கும், கேட்டதும் வயிறு எரியும். அந்த வழிசல் எனக்குப் போயிரக் கூடாதுன்னு ஒரு மனுஷிக்கு இவ்வளவு வன்மமான்னு நினைச்சுக்குவேன்.

கடைசி மாசங்கள்ல இன்சுலின் ஊசி வேற. அவர்தான் போடுவார். குத்தும்போது நான் கண்ணைத் திறந்துக்கிட்டு இருப்பேன், அவர் மூடிக்குவார்.

சரி, பிள்ளை பிறந்தா. தன்விகா. நல்ல எடை, நல்ல நிறம், எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, பிள்ளைக்குச் சீனி இறங்குது, உடனே பால் கொடுங்கன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. எனக்கு ஏறிச்சுன்னாங்க, பிள்ளைக்கு இறங்குதுங்கிறாங்க. டாக்டர்தான் சொன்னாங்க, வயித்துக்குள்ள என் ரத்தத்துச் சீனி பிள்ளைக்குப் போய்க்கிட்டே இருந்துச்சாம், வெளிய வந்ததும் அது சட்டுனு நின்னு போச்சாம். எங்க அத்தை பக்கத்துலதான் நின்னாங்க. "பால் கொடுத்தா சரியாயிருமா டாக்டர்? நிச்சயமா சரியாயிருமா?"ன்னு திரும்பத் திரும்ப அதையே கேட்டாங்க. பெத்தவ நான் இங்க கிடக்கேன், என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல பாருன்னு எனக்கு வருத்தம்.

மடியில போட்டா, சீம்பால் நாலு சொட்டு. அதுக்கு மேல இல்ல. ஆஸ்பத்திரியில பாலாடைச் சங்குல பவுடர் பால் கொஞ்சம் ஊத்திச் சீனியைச் சரி பண்ணிட்டாங்க. சுகர் இருந்த தாய்க்குச் சில சமயம் பால் ஊறத் தாமதமாகும், விடாம வாயில வைங்க, பிள்ளையை நெஞ்சோட போட்டே வச்சிருங்கன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்புனாங்க. எங்கம்மா கால் முறிஞ்சு கட்டுப் போட்டுக் கிடந்தா, அதனால தலைப்பிரசவமும் மாமியார் வீட்டுலதான். என் தலையெழுத்தைப் பாரு. விடிஞ்சா கேன் கேனா பால் வந்து இறங்குற வீடு. ஊருக்கே பால் காய்ச்சுற வீடு. அந்த வீட்டுல ஒரு பாலாடைப் பாலுக்கு வழியில்லாம நான் ஒருத்தி அழுதுக்கிட்டுக் கிடந்தேன்.

பார்க்க வந்தவங்க சும்மா இருப்பாங்களா? எதிர்வீட்டு ரமணியக்கா வந்து காதுக்குள்ள சொல்லுது, "சீனி உள்ளவ பாலைக் கொடுத்தா பிள்ளைக்கும் சீனி வந்துரும்டி. பேசாம டப்பாப் பாலைக் கொடு." எனக்கு அப்படியே திக்குனு ஆகிப்போச்சு. பின்னால அத்தை நிக்கிறதை அது கவனிக்கல.

"டாக்டர் அப்படிச் சொல்லல ரமணி. கொடுக்கத்தான் சொன்னாங்க. நீ வந்து ரொம்ப நேரமாச்சு, கிளம்பு."

அதோட விடல. வாசக்கதவைச் சாத்திட்டாங்க. வர்றவங்களையெல்லாம் திண்ணையோட திருப்பி அனுப்பிட்டாங்க. என் ரவிக்கையைக் கழட்டச் சொல்லி, பிள்ளையை வெறும் நெஞ்சுல போட்டு, மேல ஒரு பழைய சேலையைப் போத்திவிட்டு, "கட்டிலை விட்டு இறங்குனே, காலை ஒடிச்சிருவேன்"ன்னாங்க. கடைப்பக்கமே போகல. பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையுமா ஊட்டிவிட்டாங்க, கையைக் கூட அசைக்க விடல. போனைப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. பிள்ளை வாயெடுத்தா மறுபடியும் வைக்கணும், வாயெடுத்தா மறுபடியும் வைக்கணும். ஜெயில்னா ஜெயில்.

ரெண்டு நாள் பொறுத்தேன். மூணாம் நாள் சாயங்காலம் எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. "நான் என்ன உங்க பால்காரர் தொழுவத்து மாடா? இப்படிக் கட்டிப்போட்டு வச்சிருக்கீங்க?"ன்னு கத்துறேன். கத்திக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சு ரெண்டும் கடுத்து, சேலை தெப்பமா நனைஞ்சு போச்சு. பிள்ளை மடக்கு மடக்குன்னு முழுங்குற சத்தம் எனக்கே கேக்குது. கோவத்துலதான் பால் வந்துச்சுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். உனக்கும் பால் வரலைன்னா மாமியார்கூட ஒரு சண்டை போட்டுப் பாருன்னு அக்கம்பக்கத்துப் பொண்ணுங்களுக்கெல்லாம் யோசனை வேற. அத்தை வெளிய போய் மூக்கைச் சிந்திட்டு வந்தாங்க. சளி போல, பிள்ளைக்கு ஒட்டிரப் போகுது, தள்ளி நில்லுங்கன்னேன். தள்ளி நின்னாங்க.

அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போனேன். என் சுகர் இறங்கி, ஊசியை நிறுத்தியாச்சு. டாக்டர் சந்தோஷமாச் சொன்னாங்க, "விடாம தாய்ப்பால் கொடுங்க செண்பகம். உங்களுக்கும் நல்லது. உங்க ரத்தத்துல இருக்கிற சீனியை எடுத்துத்தான் உடம்பு பாலை உண்டாக்குது. பின்னாடி நிரந்தரமா சுகர் வர்ற வாய்ப்பும் குறையும். ஆனா..."

அந்த ஆனாவுல தங்கச்சி, பிள்ளை வீல்னு கத்திருச்சு. நான் தூக்கித் தோள்ல போட்டுத் தட்டுறேன். ஆனாவுக்கு அப்புறம் அந்தம்மா ரொம்ப நேரம் பேசுனாங்க, நான் தலையைத் தலையை ஆட்டுனேன். கேட்ட வரைக்கும் எனக்குப் போதும்னு தோணுச்சு.

என்ன போதும்னா, பால் கொடுத்தா சீனி குறையும். சீனி குறைஞ்சா பால்கோவா திங்கலாம். இதுல எங்க தப்பு இருக்கு, சொல்லு? வீட்டுல வாணலியில தண்ணி ஊத்துறாங்களா, ஊத்தட்டும். அவருக்குச் சாப்பாடு கொண்டு போற சாக்குல கடைக்குப் போயிருவேன். பிள்ளை ஒரு பக்கம் குடிச்சா எனக்கு ஒரு கரண்டி. ரெண்டு பக்கமும் குடிச்சா நீயே பார்த்துக்கோ. அவர் எச்சிலை முழுங்கிக்கிட்டு, "செண்பகம், போதும்மா"ம்பார். "உங்க பிள்ளைக்குத்தாங்க, எனக்கா?"ன்னா கல்லாப் பக்கம் திரும்பிக்குவார். அப்ப எனக்கு ஒரு பெருமை வரும் பாரு. எங்க அத்தை ஊரெல்லாம் பேர் வாங்கி என்ன, பாலைப் பால்கோவா ஆக்கத்தானே தெரியும்? நான் பால்கோவாவைப் பால் ஆக்குறேன். யாரு பெரிய ஆளு?

அத்தை அப்பப்போ வந்து நிப்பாங்க. "ஏத்தா, அந்த டெஸ்ட்டை எடுத்துருவமா? பிள்ளை பிறந்து ஆறு வாரத்துல எடுக்கச் சொன்னாங்கல்ல?" பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டிருக்குன்னேன். அடுத்த தடவை எனக்கு முதுகு வலின்னேன். அப்புறம் மழைன்னேன். நம்ம ஊர்ல மழையாம்! அத்தையே அண்ணாந்து வானத்தைப் பார்த்தாங்க. நான் என்ன நினைச்சேன்னா, இவளுக்குச் சீனி வியாதின்னு நாலு பேருக்குத் தெரியணும், அதுதான் இவங்களுக்கு ஆசைன்னு. அப்படியே ஒரு வருஷம் போச்சு. வருஷா வருஷம் எடுக்கணுமாம், அதுவும் அந்த ஆனாவுக்குள்ளதான் இருந்திருக்கு.

பிள்ளைக்கு ரெண்டு வயசு முடிஞ்சும் நான் பாலை நிறுத்தல. ரெண்டு வயசுக்கு மேல கொடுக்கிறதும் நல்லதுதான், தப்பில்ல. ஆனா பிள்ளை கேட்டுக் கொடுக்கணும். இங்க நான்தான் பின்னாடி ஓடுறேன். அவளுக்குத் தோசை வேணும், முறுக்கு வேணும், தெருவுல போற நாய்க்குட்டி வேணும். "வாடி ராசாத்தி, பால் குடிச்சிட்டுப் போடி"ன்னு முந்தானையை விரிச்சுக்கிட்டு நான் தெரு முழுக்க அலையிறேன். ராஜபாளையத்துல சொந்தக்காரங்க வீட்டுக் காதுகுத்து. பந்தி முடிஞ்சு எல்லாரும் உக்காந்திருக்காங்க. இவளைப் பிடிச்சு இழுத்து மடியில போட்டேன். திமிறிக்கிட்டு எந்திரிச்சு நின்னு, இடுப்புல கையை வச்சுக்கிட்டுச் சொல்றா, "எனக்கு வேணாம். நீயே குடி!"

மண்டபமே சிரிச்சுருச்சு. நான் அழுதுட்டேன். பிள்ளை பால்குடி மறந்துருச்சேன்னு தாய் அழுகுறான்னு எல்லாரும் தேத்துறாங்க. என் கைக்குட்டையில பந்தியில வாங்குன ஜாங்கிரி ரெண்டு இருந்துச்சு, இனி இதை என்ன சொல்லித் திங்கிறதுன்னுதான் அழுதேன். இல்ல, அப்படி மட்டும் சொல்லக் கூடாது. அவ வாய் வச்ச இடம் அன்னைக்கே வெறுமையாப் போச்சு தங்கச்சி. அதுக்கும்தான் அழுதேன்.

அது முடிஞ்சு கொஞ்ச நாள்ல அத்தை சொன்னாங்க, "மடவார்வளாகம் கோயிலுக்குப் போய்ட்டு வருவோம். பச்சைத்தண்ணி கூடக் குடிக்காம வா." விரதம் போலன்னு நினைச்சு, தலைக்குக் குளிச்சு, பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு ஏறுனேன். ஆட்டோ வந்து இந்த லேப் வாசல்ல நிக்குது. நான் இறங்க மாட்டேன்னேன். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்குறார். அத்தை என் கையைப் பிடிச்சாங்க. எப்பவும் அடுப்புச் சூட்டுல காய்ஞ்ச கை, அன்னைக்கு ஜில்லுனு இருந்துச்சு. பேசாம இறங்கிட்டேன்.

ரிசல்ட்டைத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட போனோம். "சுகர்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. வாசப்படியில நிக்குது"ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோவம்!

"ரெண்டு வருஷத்துக்கு மேல பால் கொடுத்திருக்கேன் டாக்டர்! குறையும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"குறையும்னு சொன்னேன், வரவே வராதுன்னு சொல்லல. கொடுக்காம இருந்திருந்தா ஒருவேளை முன்னாடியே உள்ள வந்திருக்கும். வாயைக் கட்டணும், நடக்கணும், வருஷா வருஷம் பார்க்கணும்னும் சொன்னேனே செண்பகம்?"

டாக்டர் சும்மா கேக்குற மாதிரி அத்தையைப் பார்த்து, "நீங்க சுகர் பார்த்திருக்கீங்களாம்மா?"ன்னாங்க. இல்லைன்னு அத்தை தலையை ஆட்டுனாங்க. "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒண்ணு"ன்னாங்க. அப்புறம், "இவனுக்கு முன்னாடி ஒரு பொம்பளைப்பிள்ளை" அப்படின்னாங்க.

எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது தங்கச்சி, தனக்கு ஒரு அக்கா இருந்தான்னு.

"ரொம்பப் பெரிய பிள்ளை டாக்டர். கொழுகொழுன்னு. ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சு. பார்க்க வந்த கூட்டத்துல என் மடியில இருந்ததை விட மத்தவங்க கையிலதான் இருந்துச்சு. எனக்குப் பால் இறங்கல. பிள்ளை நடுங்கி நடுங்கித் துவண்டுச்சு. மறுநாள் போயிருச்சு. போன பிறகு வந்துச்சு டாக்டர் பால். கட்டி கட்டியா. பீச்சிப் பீச்சி ஊத்துனேன்." சேலைத் தலைப்பை வாயில வச்சு அழுத்திக்கிட்டாங்க. "ஏன் போச்சுன்னு யாரும் சொல்லல. திருஷ்டின்னாங்க. இவளுக்குப் பிரசவம் ஆனப்போ நீங்க சொன்னீங்கள்ல, சீனி இறங்குது, உடனே பால் கொடுன்னு? அன்னைக்குத்தான் எனக்கு விஷயம் புரிஞ்சது."

அதுவாத்தான் இருக்கணும்னு இல்லம்மா, இப்ப உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் மெதுவாச் சொன்னாங்க. அத்தை கேட்டுக்கிட்ட மாதிரி தெரியல. நான் பட்டுச்சேலையும் பூவுமா அலங்காரம் பண்ணிக்கிட்டு, பித்துப் பிடிச்சவ மாதிரி அந்த நாற்காலியில உக்காந்திருந்தேன். ரெண்டு நாள் ஜெயில், மூணு நாள் ஜெயில்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சவ நான். தள்ளி நில்லுங்கன்னு சொன்னவ.

அன்னைக்கே அத்தைக்கும் ரத்தம் எடுத்தாங்க. என்னோடது வாசப்படியில நின்னுச்சுன்னா, அவங்களோடது வீட்டுக்குள்ள வந்து பாயை விரிச்சுப் படுத்திருந்துச்சு. எத்தனை வருஷமாவோ. பால்கோவா கடைக்காரிக்குச் சீனி வியாதின்னா யாரு வாங்குவான்னு பயந்துக்கிட்டுப் பார்க்காமலே இருந்திருக்காங்க. வீட்டுக்கு வர்ற வழியில ஆட்டோவுல நான்தான் கேட்டேன், பிள்ளைக்குப் பேர் வச்சீங்களான்னு. இல்லைன்னாங்க.

இப்ப எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. காலையில நடக்குறோம். நான் ஆடி அசைஞ்சு நடப்பேன், அவங்க இந்த வயசுலயும் விறுவிறுன்னு முன்னாடி போய் நின்னு திரும்பிப் பார்ப்பாங்க. பால்கோவா கடைக்காரிங்க சுகருக்கு நடக்குறாங்கன்னு ஊர் சிரிக்குது. வியாபாரம் ஒண்ணும் குறையல, போன தீபாவளிக்குக் கூடத்தான் ஆச்சு. பதம் பார்க்குறது எல்லாம் இப்ப அவர் வேலை. நாங்க பார்க்காத பதத்தையும் சேர்த்துப் பார்த்து மனுஷன் தொப்பை வச்சுட்டார். அடுத்து அவரை இழுத்துக்கிட்டு வரணும். எனக்குப் போன வருஷம் பார்த்தப்போ வாசப்படியை விட்டுக் கீழ இறங்கிப் போயிருந்துச்சு. மாத்திரை இல்லாமலே. ஆனா எப்ப வேணா திரும்பி வரும்னு டாக்டர் சொன்னாங்க. இப்பல்லாம் ஆனாவுக்கு அப்புறம் என்ன சொல்றாங்கன்னு நான் காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்குறேன்.

ஆமா, இன்னைக்கு எதுக்கு வந்தேன்னு கேட்டேல்ல? நாள் தள்ளிப் போயிருக்கு தங்கச்சி. ரெண்டாவது. முதல் பிள்ளை உண்டானப்போ எனக்குச் சுகர் வந்ததால ஆறு மாசம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, இப்பவே பார்த்துரணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வீட்டுல யாருக்கும் தெரியாது. பேங்குக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ரிசல்ட் நல்லபடியா வந்தா சந்தோஷமாச் சொல்லிக்கலாம். நல்லா வரலைன்னா? வரலைன்னா என்னன்னு நான் யோசிக்கல. பயமாத்தான் இருக்கு. உனக்குத் தைரியம் சொன்னேனே, அதெல்லாம் எனக்கே சொல்லிக்கிட்டதுதான்.

இந்தா, இந்தப் பையைக் கொஞ்சம் பிடி. போன் எங்க போச்சு... ஆங்.

"அத்தை, நான்தான். இல்ல, பேங்குல இல்ல. லேபுல இருக்கேன். ஆமா, சீனித் தண்ணி குடிச்சாச்சு... அதுதான். அதேதான் அத்தை. அவர்கிட்ட இன்னும் சொல்லல, உங்ககிட்டதான் முதல்ல. இல்ல, இன்னும் ரிசல்ட் வரல. தனியாத்தான் உக்காந்திருக்கேன்... அடுப்புல பால் இருந்தா கடை மாஸ்டரைப் பார்த்துக்கச் சொல்லுங்க. மெதுவா வாங்க, ஓடி வராதீங்க."

வச்சுட்டாங்க. ஓடித்தான் வருவாங்க. கொஞ்சம் தள்ளி உக்காரு தங்கச்சி, அவங்களுக்கும் இடம் வேணும்.